ரிஃப்ராக்டோமீட்டர் தப்பாகக் காட்டுகிறதா? திருகைத் தொடும் முன் பாருங்கள்

கல்லூரி ஆய்வகத்திலும் எண்ணெய் ஆலைகளின் பரிசோதனைக் கூடத்திலும் அப்பே ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று கட்டாயம் இருக்கும். ஜெர்மனியின் யெனா நகரில் கார்ல் ஸைஸ் நிறுவனத்தோடு இணைந்து வேலை செய்த எர்ன்ஸ்ட் அப்பே 1874இல் விவரித்து எழுதிய கருவி அது. அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஒரு திரவத்தின் ஒளிவிலகல் எண்ணை, அதாவது ஒளி அதற்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் எண்ணை, நான்காம் தசமம் வரை சொல்லும். அந்த நான்காம் தசமத்தில்தான் எல்லாச் சண்டையும் வருகிறது.

கருவி தப்பாகக் காட்டுகிறது என்று தோன்றியதும் பலர் செய்கிற முதல் வேலை, சரிசெய்யும் திருகைத் திருப்புவது. தயவுசெய்து அதைக் கடைசியில் செய்யுங்கள். வெப்பநிலை, துளி, சுத்தம் இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகும் பிழை அப்படியே நின்றால்தான் திருகுக்கு வேலை. அதற்கு முன் திருப்பினால் ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழையைச் சேர்த்தது ஆகும். அப்புறம் இரண்டையும் பிரித்து எடுப்பது கஷ்டம்.

கருவி என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. இரண்டு பட்டகங்களுக்கு நடுவே உங்கள் திரவம் மெல்லிய படலமாக நிற்கிறது. ஒளி நுழைகிற மேல் பட்டகத்தின் முகம் சொரசொரப்பானது. அதனால் ஒளி எல்லாக் கோணத்திலும் சிதறித் திரவத்துக்குள் போகிறது. அளக்கும் கீழ்ப் பட்டகம் உயர்ந்த ஒளிவிலகல் எண் கொண்ட கண்ணாடி, அதன் முகம் பளபளப்பானது. படலத்தை உரசிக்கொண்டு வருகிற கதிர்தான் அதற்குள் மிக அதிகச் சாய்வில் நுழைய முடியும். அந்தச் சாய்வுதான் மாறுநிலைக் கோணம். அதைத் தாண்டிய திசையில் ஒளியே கிடையாது. ஆகவே தொலைநோக்கியில் பார்த்தால் ஒரு பாதி வெளிச்சம், ஒரு பாதி இருட்டு, நடுவில் ஒரு கோடு. திரவத்தின் எண் மாறினால் கோடு நகரும். நாம் குறுக்குக் கம்பிகள் வெட்டும் புள்ளியில் அந்தக் கோட்டைக் கொண்டுவந்து நிறுத்தி ஸ்கேலைப் படிக்கிறோம்.

சரி, இனி கோளாறுகள்.

கோடே தெரியவில்லை

முழு வட்டமும் ஒரே வெளிச்சமாகவோ ஒரே இருட்டாகவோ இருக்கிறது. முதலில் பெரிய குமிழைத் திருப்பி ஸ்கேலை 1.30லிருந்து 1.70 வரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முந்தைய ஆள் தண்ணீர் அளந்துவிட்டு 1.33இல் விட்டிருப்பார், நீங்கள் நல்லெண்ணெய் வைத்திருப்பீர்கள். கோடு பார்வைக்கு வெளியே இருக்கும், அவ்வளவுதான்.

ஓட்டிப் பார்த்தும் இல்லை என்றால் ஒளி வருகிற வழியைப் பாருங்கள். மேல் பட்டகத்தின் ஜன்னல் மூடியிருக்கலாம், ஒளியை உள்ளே அனுப்பும் முகம் பார்க்கும் கண்ணாடி வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். அதுவும் சரி என்றால் பட்டகத்தைத் திறந்து துளி இருக்கிறதா என்று பாருங்கள். அசிட்டோன், ஈதர் மாதிரி பறந்துவிடும் திரவங்கள் நீங்கள் கண்ணை ஐபீஸில் வைப்பதற்குள் காய்ந்துபோகும். இவற்றுக்காகவே பல கருவிகளில் இரண்டு பட்டகமும் சேரும் இடத்தில் ஒரு சிறு துளை அல்லது பள்ளம் வைத்திருக்கிறார்கள். பட்டகத்தை மூடிய நிலையிலேயே டிராப்பர் முனையை அங்கே வைத்துத் திரவத்தை விடலாம். அது உள்ளே இழுத்துக்கொள்ளும். நிறையப் பேர் அந்தத் துளையைக் கவனிப்பதே இல்லை.

இன்னொரு காரணம் அபூர்வமானது. திரவத்தின் எண் கருவியின் எல்லையைத் தாண்டியிருக்கலாம். டைஅயோடோமீத்தேனின் எண் 1.74க்குப் பக்கத்தில். 1.70இல் முடிகிற ஸ்கேலில் அதைத் தேடினால் கிடைக்காது.

கோடு வானவில்லாகத் தெரிகிறது

இது கோளாறே இல்லை. வெள்ளை ஒளியின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளிவிலகல் எண் வேறு, அதனால் ஒவ்வொரு நிறத்துக்கும் கோடு ஒரு இடத்தில் விழுகிறது. அப்பே இதற்கு அழகான தீர்வு வைத்தார். தொலைநோக்கிக்கு முன்னால் எதிரெதிர் திசையில் சுழலும் இரண்டு அமிச்சி பட்டகங்கள். சோடியத்தின் மஞ்சள் ஒளி, அதாவது சராசரியாக 589.3 நானோமீட்டர், இவற்றின் வழியாகத் திசை மாறாமல் போகும். மற்ற நிறங்கள் மட்டும் வளையும். இரண்டாவது குமிழைத் திருப்பினால் திரவமும் பட்டகமும் சேர்ந்து பிரித்த நிறங்களை இவை மறுபடி ஒன்றுசேர்த்துவிடும். சாதாரண பல்பின் ஒளியிலேயே சோடியம் ஒளிக்கான எண் கிடைப்பது இதனால்தான்.

ஆகவே நிறம் தெரிந்தால் அந்தக் குமிழைத் திருப்புங்கள். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் மாறி மாறி வரும், இரண்டுக்கும் நடுவில் கோடு கறுப்பு வெள்ளையாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் நிறுத்துங்கள். நிறத்தோடேயே படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு ஓரத்தில் படித்தால் ஒரு எண், நீல ஓரத்தில் படித்தால் வேறு எண். நான்காம் தசமத்துக்கு அங்கேயே அர்த்தம் போய்விடும்.

எவ்வளவு திருப்பியும் மெல்லிய நிறம் மிச்சம் இருந்தால், திரவத்தின் நிறப்பிரிகை மிக அதிகம் என்று பொருள். கார்பன் டைசல்ஃபைடு, மோனோபுரோமோநாஃப்தலீன் போன்றவை அப்படிப்பட்டவை. சோடியம் விளக்கு இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரே நிறம் என்பதால் பிரிய எதுவும் இல்லை.

கோடு மங்கல்

கோடு இருக்கிறது, ஆனால் கூர்மையாக இல்லை. முதலில் ஐபீஸைத் திருப்பிக் குறுக்குக் கம்பியைத் தெளிவாக்குங்கள். கம்பியே மங்கலாக இருந்தால் பிரச்சினை உங்கள் கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவில்தான். கம்பி கூர்மை, கோடு மட்டும் மங்கல் என்றால் பட்டகத்தைத் திறக்கலாம்.

எண்ணெய் அளக்கிற இடத்தில் தொண்ணூறு சதவீதம் அழுக்குதான் காரணம் என்று தயங்காமல் சொல்வேன். முந்தைய எண்ணெயின் மெல்லிய படலம் கண்ணுக்குத் தெரியாது, புது எண்ணெயோடு கலந்து கோட்டைக் கரைத்துவிடும். உலர்ந்த டிஷ்யூவால் துடைத்தால் எண்ணெய் பரவுமே தவிரப் போகாது. மென்மையான லென்ஸ் டிஷ்யூவை ஹெக்ஸேன் அல்லது அதைப் போன்ற கரைப்பானில் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள், அடுத்து புது டிஷ்யூவில் ஆல்கஹால், அப்புறம் காற்றில் உலர விடுங்கள். இரண்டு பட்டகத்தையும் துடைக்க வேண்டும். சொரசொரப்பான முகத்தை மறந்துவிடுகிறார்கள். எண்ணெய் ஒளிந்துகொள்வது அங்கேதான்.

அளக்கும் பட்டகத்தின் கண்ணாடி ஜன்னல் கண்ணாடியைவிட மென்மையானது, சுலபமாகக் கீறல் விழும். கண்ணாடி டிராப்பர் முனை, ஸ்டீல் ஸ்பாட்டுலா, சட்டை நுனி எதுவும் அதன்மேல் படக்கூடாது. பிளாஸ்டிக் டிராப்பர் போதும். வலிமையான அமிலமும் காரமும் அந்த முகத்தை அரித்துவிடும்.

பட்டகம் சுத்தம், ஆனாலும் மங்கல் என்றால் சாம்பிளைச் சந்தேகியுங்கள். செக்கிலிருந்து அப்போதுதான் வந்த எண்ணெயில் பிண்ணாக்குத் துகளும் ஈரமும் இருக்கும். வடிகட்டி, நீரற்ற சோடியம் சல்ஃபேட் கொஞ்சம் போட்டு ஈரத்தை எடுத்து, மறுபடி வடிகட்டி வையுங்கள். தேங்காயெண்ணெய் 25 டிகிரியை ஒட்டியே உறையத் தொடங்கிவிடும். குளிரூட்டிய அறையில் பட்டகத்தைச் சூடாக்காமல் அதை வைத்தால் நீங்கள் அளப்பது பாதி திரவம், பாதி மெழுகு. கோடு எப்படிக் கூர்மையாக வரும்?

குழம்பாகவே இருக்கும் திரவங்கள், அடர்ந்த நிறம் கொண்டவை ஆகியவற்றுக்குச் சில கருவிகளில் கீழ்ப் பட்டகத்திலும் ஒரு ஜன்னல் இருக்கும். மேல் ஜன்னலை மூடிக் கீழ் ஜன்னலைத் திறந்தால் ஒளி திரவத்துக்குள் போய்வர வேண்டியதில்லை, அதன் முகத்தில் பட்டுத் திரும்பும். வெளிச்சமும் இருட்டும் இடம் மாறித் தெரியும், வேறுபாடும் குறைவாக இருக்கும். ஆனால் கோடு அதே இடத்தில்தான் நிற்கும்.

கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது

படித்துவிட்டு எழுதுவதற்குள் கோடு கம்பியைவிட்டு விலகிவிடுகிறது. ஒன்று வெப்பநிலை இன்னும் நிலைக்கவில்லை, இல்லையென்றால் திரவமே மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு: கோடு கொஞ்சம் நகரட்டும், பட்டகத்தைத் துடைத்துவிட்டு அதே சாம்பிளில் புதுத் துளி வையுங்கள். கோடு பழைய இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி நகர ஆரம்பித்தால் குற்றம் திரவத்தில். விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடர்ந்தால் பட்டகம் இன்னும் சூடாகவோ குளிராகவோ மாறிக்கொண்டிருக்கிறது.

திரவம் மாறுகிறது என்றால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். சர்க்கரைக் கரைசலில் நீர் ஆவியானால் எண் ஏறும். தண்ணீர் அதிகமுள்ள சாராயக் கலவையில் ஆல்கஹால் முதலில் பறப்பதால் எண் இறங்கும். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதன் எண் 20 டிகிரியில் 1.474ஐ ஒட்டியது, நீர் சேரச் சேர அது இறங்கிக்கொண்டே போகும். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: துளியைத் தாராளமாக வைத்து, உடனே மூடி, சீக்கிரம் படியுங்கள்.

கடலோர ஊர்களில் இன்னொன்று நடக்கிறது, கருவியின் கையேடுகளில் இதைப் பார்ப்பது அபூர்வம். புத்தகத்தில் 20 டிகிரி என்று போட்டிருக்கிறது என்று குளிர்ந்த நீரைப் பட்டகத்தில் சுற்ற விடுகிறார்கள். சென்னையிலோ தூத்துக்குடியிலோ புழுக்கமான நாளில் காற்றின் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரிக்கு மேலேயே இருக்கும். 20 டிகிரிப் பட்டகத்தைத் திறந்ததும் அதன்மேல் ஈரம் படியும். அந்த ஈரம் சாம்பிளில் கலந்தால் ஆல்கஹாலும் சர்க்கரையும் கிளிசரினும் தப்பான எண் சொல்லும், எண்ணெயில் கோடு மங்கும். அறையில் குளிரூட்டி ஓடி ஈரம் குறைந்த பிறகு அளப்பது ஒரு வழி. பட்டகத்தை 30 டிகிரியில் வைத்து அளந்து, அட்டவணை கொண்டு 20க்கு மாற்றுவது இன்னொரு வழி. நம்ம ஊர் வெயிலுக்கு எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது.

தண்ணீர் சரியாக வருகிறது, எண்ணெய் மட்டும் தப்பு

கேட்பதற்கு மர்மமாக இருக்கும். காய்ச்சி வடித்த நீரை வைத்தால் அட்டவணையில் உள்ள எண்ணே வருகிறது. கருவி சரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் நல்ல தேங்காயெண்ணெய் எல்லைக்கு வெளியே போகிறது.

காரணம் தண்ணீரின் குணத்தில் இருக்கிறது. ஒரு டிகிரி வெப்பநிலை ஏறினால் நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 0.0001தான் குறையும். எண்ணெய்க்கு அது 0.0004க்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட நான்கு மடங்கு. டொலுவீன் போன்ற கரைப்பான்களுக்கு இன்னும் அதிகம், 0.0005ஐத் தாண்டும். ஆகவே உங்கள் வெப்பமானி மூன்று டிகிரி பொய் சொன்னாலும் நீரில் 0.0003 மட்டும் பிசகும், கண்ணுக்குச் சரியாகவே தோன்றும். எண்ணெயில் அதே மூன்று டிகிரி 0.0011க்கு மேல் ஆகிவிடும்.

இது எவ்வளவு பெரிய பிசகு? தேங்காயெண்ணெய்க்கு 40 டிகிரியில் இந்தியத் தரவிதி வைத்திருக்கும் எல்லை சுமார் 1.448 முதல் 1.449 வரை. மொத்த அகலமே 0.001 அளவுதான். மூன்று டிகிரி வெப்பநிலைப் பிழை அந்த முழு அகலத்தையும் விழுங்கிவிடுகிறது. நல்ல எண்ணெயைக் கலப்படம் என்று திருப்பி அனுப்பவும், கலப்பட எண்ணெய்க்குச் சான்று கொடுக்கவும் இது போதும். ஒரு வியாபாரியின் பெயரும் ஒரு குடும்பத்தின் சமையலும் இந்த மூன்று டிகிரியில் தொங்குகிறது. அதனால்தான் இந்தக் கோளாறை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கருவியோடு வந்த சோதனைக் கண்ணாடித் துண்டை எடுங்கள். பலருடைய பெட்டியில் அது இன்னும் காகிதம் பிரிக்காமல் கிடக்கும். அதன்மேல் எண் பொறித்திருக்கும். கண்ணாடியின் எண் வெப்பநிலையால் மிகச் சொற்பமாகத்தான் மாறும், சில டிகிரி இப்படி அப்படி ஆனாலும் நான்காம் தசமத்தை அசைக்காது. ஆகவே துண்டு பொறித்த எண்ணையே காட்டினால் ஸ்கேலும் பட்டகமும் நலம், எண்ணெயில் வருகிற பிழை வெப்பநிலையால் வந்தது என்று நம்பலாம். துண்டிலேயே பிழை தெரிந்தால் கருவிக்குள் பாருங்கள்.

வெப்பநிலைதான் என்று தெரிந்தால் தேட வேண்டிய இடங்கள் இவை. பட்டகத்துக்குச் சூடான நீரை அனுப்பும் வாட்டர் பாத்தில் 40 என்று எரிகிறது, ஆனால் நீண்ட ரப்பர் குழாய் வழியாகப் பட்டகத்துக்கு வருவதற்குள் சூடு குறைந்திருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே கருவி இருந்தால் இன்னும் மோசம். பாத்தின் எண்ணை நம்பாதீர்கள், பட்டகத்தோடு சேர்ந்த வெப்பமானியைப் படியுங்கள். அந்த வெப்பமானியையும் சரிபார்த்த இன்னொரு வெப்பமானியோடு எப்போதாவது ஒப்பிடுங்கள். குழாய்க்குள் பாசியும் சுண்ணாம்பும் அடைத்து நீரோட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள், கடின நீர் உள்ள ஊர்களில் இது சகஜம். அப்புறம் பொறுமை: அறைச் சூட்டில் இருந்த துளி பட்டகத்தின் சூட்டுக்கு வர இரண்டு மூன்று நிமிடமாவது கொடுங்கள்.

வாட்டர் பாத்தே இல்லாத இடங்களில் அறை வெப்பநிலையில் அளந்து கணக்குப் போடுவது வழக்கம். அது தப்பில்லை, கணக்கை விட்டுவிடுவதுதான் தப்பு. 40 டிகிரிக்கு மாற்ற, அளந்த வெப்பநிலைக்கும் 40க்கும் உள்ள வித்தியாசத்தைத் திரவ எண்ணெய்களுக்கு 0.000385ஆல், கெட்டிக் கொழுப்புகளுக்கு 0.000365ஆல் பெருக்குங்கள். 40க்குக் கீழே அளந்திருந்தால் கழிக்கவும், மேலே என்றால் கூட்டவும். உதாரணமாக, 32 டிகிரியில் கடலை எண்ணெய் 1.4660 காட்டுகிறது. எட்டு டிகிரி வித்தியாசம், 8 × 0.000385 = 0.0031. கழித்தால் 1.4629. கடலை எண்ணெயின் எல்லை 1.4620 முதல் 1.4640 வரை, ஆகவே அந்த எண்ணில் குறை சொல்ல எதுவும் இல்லை. கணக்குப் போடாமல் 1.4660 என்றே எழுதியிருந்தால் அது எல்லையைத் தாண்டியது என்று ஆகியிருக்கும்.

தண்ணீரே தப்பாக வருகிறது

முதல் கேள்வி: எந்த வெப்பநிலையில்? நீரின் எண் 1.3330 என்பது 20 டிகிரிக்கு மட்டும். 25இல் அது 1.3325, 30இல் 1.3319, 40இல் 1.3306. எண்ணெய்க்காக 40 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் தண்ணீரை வைத்து, 1.3306 வருகிறதே, தப்பாயிற்றே என்று திருகைத் திருப்பி 1.3330இல் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து கருவி 0.0024 கூடுதலாகக் காட்டும். தேங்காயெண்ணெயின் எல்லையைப் போல இரண்டு பங்கு! கருவி ஒழுங்காக இருந்தது, அதைக் கெடுத்தது திருகு. எனவே ஒரு தாளில் இந்த நான்கு எண்களையும் எழுதிக் கருவிக்கு மேலே சுவரில் ஒட்டிவையுங்கள்.

இரண்டாவது கேள்வி: அது நல்ல தண்ணீர்தானா? கேன் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம். நீண்ட நாள் திறந்து கிடந்த பாட்டிலில் முந்தைய ஆள் விட்ட டிராப்பரின் மிச்சம் கலந்திருக்கும். புதிதாக வடித்த நீரை எடுங்கள்.

மூன்றாவது, பட்டகத்தின் சுத்தம். எண்ணெய் அளந்த பட்டகத்தில் நீர் பரவாமல் முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றும் சரி, துண்டும் அதே அளவு, அதே பக்கம் பிசகுகிறது என்றால் இப்போது திருகைத் தொடலாம். சோதனைத் துண்டை வைக்கும் முறை இது: மேல் பட்டகத்தை முழுக்கத் திறந்து, துண்டின் பளபளப்பான முகத்தில் மோனோபுரோமோநாஃப்தலீன் ஒரு சிறு துளி வைத்து, அளக்கும் பட்டகத்தின்மேல் அழுத்துங்கள். துண்டின் பளபளப்பான ஓரம் ஒளி வருகிற பக்கம் பார்க்க வேண்டும். ஸ்கேலைப் பொறித்த எண்ணில் நிறுத்திவிட்டு, தொலைநோக்கியில் பாருங்கள். கோடு கம்பியில் இல்லையென்றால் கருவியோடு வந்த சாவியால் திருகை மயிரிழை திருப்பி, கம்பிக்குக் கொண்டுவாருங்கள். முடிந்ததும் நீரையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஸ்கேலின் கீழ்க்கோடியில் நீரும், நடுவில் கண்ணாடித் துண்டும், இரண்டும் சரியாக வந்தால் கருவியை நம்பலாம். ஒன்று சரியானால் மற்றது பிசகுகிறது என்றால் ஸ்கேல் நகரும் பொறியமைப்பு தேய்ந்திருக்கிறது, திருகு அதைத் தீர்க்காது. பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். திருப்பிய தேதியையும், எவ்வளவு திருப்பியது என்பதையும் பதிவேட்டில் எழுதிவைத்தால் அடுத்து வருபவர் உங்களை வாழ்த்துவார்.

இரண்டு கோடுகள் தெரிகின்றன

சாம்பிள் இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கலாம், எண்ணெயில் நீர் இருந்தால் இப்படி வரும். சோதனைத் துண்டில் வந்தால் மோனோபுரோமோநாஃப்தலீன் அதிகமாகி ஓரத்தில் வழிந்திருக்கிறது. துடைத்துவிட்டுக் குறைவாக வையுங்கள்.

ஒரே சாம்பிள், மூன்று பேர், மூன்று எண்

கடைசி இலக்கத்தில் ஒன்றிரண்டு வித்தியாசம் இயல்பு. ஸ்கேலில் 0.001 வரைதான் கோடு போட்டிருக்கும், அதற்கடுத்த இலக்கம் கண் மதிப்புதான். அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் குமிழைப் பாருங்கள். பழைய கருவிகளில் பல்சக்கரம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கோட்டை மேலிருந்து கம்பிக்குக் கொண்டுவந்தால் ஒரு எண், கீழிருந்து கொண்டுவந்தால் இன்னொரு எண். எல்லோரும் ஒரே பக்கத்திலிருந்து கொண்டுவருவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டவரும் போடாதவரும் தங்கள் கண்ணுக்கு ஐபீஸைத் திருப்பிக்கொண்டு படிக்க வேண்டும். மூன்று முறை புதுத் துளி வைத்து மூன்றின் சராசரியை எழுதுங்கள். ஒரே துளியை மூன்று முறை படிப்பது அதற்கு ஈடாகாது.

கரும்புத் தோட்டத்தில் கைக்கருவி

பிரிக்ஸ் காட்டும் சிறு கைக்கருவியும் இதே தத்துவம்தான், ஸ்கேலில் மட்டும் ஒளிவிலகல் எண்ணுக்குப் பதில் சர்க்கரைச் சதவீதம் எழுதியிருக்கும். 10 சதவீதச் சர்க்கரைக் கரைசலின் எண் 20 டிகிரியில் 1.3478, 20 சதவீதத்துக்கு 1.3639. அந்த உறவைத்தான் கருவி படிக்கிறது.

வெயிலில் எண் குறைவாக வருகிறது என்பது வழக்கமான புகார். கருவியின்மேல் தானாக வெப்பநிலை திருத்தம் என்று எழுதியிருக்கும், ஆனால் அந்தத் திருத்தம் பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரிக்குள்தான் வேலை செய்யும். சித்திரை வெயிலில் வரப்பில் கிடந்த கருவி அதை எப்போதோ தாண்டியிருக்கும். திருத்தம் இல்லாத கருவியில் 30 டிகிரியில் அளந்தால் 0.7 முதல் 0.8 பிரிக்ஸ் வரை குறைவாகக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நிழலில் வைத்து, அதே நிழலில் இருந்த தண்ணீரால் பூஜ்யம் சரிபார்த்து, பிறகு சாற்றை வையுங்கள். சக்கைத் தூள் இல்லாமல் துணியில் வடிகட்டிய சாறாக இருக்கட்டும். அடிக்கரும்பும் நுனிக்கரும்பும் வேறு வேறு எண் காட்டினால் கருவியைத் திட்டாதீர்கள். கரும்பு இன்னும் முற்றவில்லை என்று அது உண்மையைச் சொல்கிறது.

டிஜிட்டல் கருவி

இதில் தொலைநோக்கியும் கம்பியும் இல்லை. 589 நானோமீட்டர் ஒளி கீழிருந்து பட்டகத்தின் முகத்தில் பட்டுத் திரும்புகிறது, கோடு விழும் இடத்தை உணரி படிக்கிறது. கண் மதிப்பும் குமிழ்த் தளர்ச்சியும் ஒழிந்தன. ஆனால் சாம்பிள் முகத்தை முழுசாக மூடவில்லை, காற்றுக்குமிழ் இருக்கிறது, ஜன்னல் வெயில் நேராக உள்ளே விழுகிறது என்றால் எண் தடுமாறும் அல்லது பிழைச் செய்தி வரும். கருவி தொடுவது பட்டகத்தை ஒட்டிய மிக மெல்லிய அடுக்கை மட்டும். அங்கே பழைய எண்ணெய்ப் படலம் இருந்தால் மேலே எவ்வளவு புதுச் சாம்பிள் ஊற்றினாலும் பழையதைத்தான் படிக்கும்.

எண் சரி, ஆனால் முடிவு தப்பு

கருவியில் எந்தக் குறையும் இல்லை, வெப்பநிலை சரி, எண் திரும்பத் திரும்ப அதேதான். ஆனாலும் அந்த எண்ணை வைத்து எடுத்த முடிவு தவறாகப் போகலாம். ஒளிவிலகல் எண் ஒரு திரவத்தின் பெயரைச் சொல்லாது.

எத்தனால் நீர்க் கலவையை எடுங்கள். நீர் 1.3330, தூய எத்தனால் 1.3614. ஆல்கஹால் கூடக் கூட எண் ஏறிக்கொண்டே போகும் என்று நினைப்போம். உண்மையில் அது எண்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் 1.366ஐ ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. ஆகவே 1.3640 என்ற எண் வந்தால் அதற்கு இரண்டு விடைகள் உண்டு. அடர்த்தியையும் அளந்தால்தான் எது என்று தெரியும்.

பிரிக்ஸும் அப்படியே. 10 சதவீத உப்புக் கரைசலின் எண் 1.3505, பிரிக்ஸ் கருவி அதைப் பதினொன்றரைக்கு மேல் சர்க்கரை என்று படிக்கும். சாற்றில் கரைந்திருக்கும் எல்லாமே சேர்ந்துதான் அந்த எண்.

எண்ணெயில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நல்லெண்ணெய்க்கு 40 டிகிரியில் 1.4646 முதல் 1.4665 வரை. பருத்திக்கொட்டை எண்ணெயின் எல்லை அதன்மேல் பெருமளவு வந்து விழுகிறது, சூரியகாந்தியும் அங்கேதான். நல்லெண்ணெயில் இவற்றைக் கலந்தால் ரிஃப்ராக்டோமீட்டர் எதையும் காட்டிக்கொடுக்காது. எண் குறைவான பாமோலினையும் எண் அதிகமான சூரியகாந்தியையும் அளவாகக் கலந்தால் கடலை எண்ணெயின் எண்ணையே கொண்டுவரலாம். எல்லைக்கு வெளியே போன எண்ணெய் சந்தேகத்துக்குரியது என்பதைக் கருவி உறுதியாகச் சொல்லும். எல்லைக்குள் இருப்பது சுத்தமானது என்று அது ஒருபோதும் சொல்லாது. அயோடின் மதிப்பு, சோப்பாக்க மதிப்பு, நல்லெண்ணெய்க்கே உரிய பாடோயின் நிறச் சோதனை, வசதி இருந்தால் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபி, இவற்றையும் செய்த பிறகே அறிக்கையில் கையெழுத்துப் போடுங்கள்.